வேலையை விட்டு மருத்துவம் படிக்கலாமா? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணக்குத் தணிக்கை வேலையில் இருந்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்தவள் நான். இப்போது குவாசூலு-நட்டாலில் ஓர் அரசு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று எங்கே போனாலும், கல்யாண வீடோ காவடித் திருவிழாவோ, யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசுகிறார். பலர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் கேட்பவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் பார்த்த அளவில், வயதாலோ திறமைக் குறைவாலோ வாய்ப்பை இழந்தவர்களைவிட, பாடமும் தேதியும் காகிதமும் சரியாக அமையாமல் வாசலிலேயே நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். ஆகவே அவற்றைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப்போகிறேன்.

அக்கா, எனக்கு 34 வயது. இனிமேல் மருத்துவம் என்பது நடக்கிற காரியமா?

நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பில் 35 வயதில் சேர்ந்தால் 39-இல் பட்டம் கிடைக்கும். அதன்பின் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர் பணி, ஓராண்டு கட்டாயச் சமூக சேவை. ஆக, 42 வயதில் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தனித்து மருத்துவம் பார்க்கத் தகுதி பெறுவீர்கள். முதலாம் ஆண்டிலிருந்து ஆறு ஆண்டு படித்தால் 44. நிபுணர் ஆக வேண்டுமென்றால் இன்னும் நான்கு ஆண்டுகளாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் ஓய்வு வயது 65. இருபது ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

பயிற்சி மருத்துவர் காலத்திலேயே சம்பளம் வந்துவிடும். வருமானமே இல்லாத காலம் என்பது படிக்கும் நான்கு அல்லது ஆறு ஆண்டுகள் மட்டும்தான். அந்த ஆண்டுகளில் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வயது அதற்குப் பிறகுதான்.

பட்டதாரிகளுக்கு என்னென்ன வழிகள் உண்டு?

நம் நாட்டில் மருத்துவப் பட்டம் தருபவை விட்ஸ், கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா, ஃபிரீ ஸ்டேட், குவாசூலு-நட்டால், வால்டர் சிசுலு, செஃபாகோ மக்காத்தோ, லிம்போபோ, நெல்சன் மண்டேலா ஆகிய பல்கலைக்கழகங்கள். கடைசியாகச் சொன்னது 2021-இல்தான் முதல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தது.

பட்டதாரிகளுக்கென்றே அமைந்த பாதை என்றால் முதலில் சொல்ல வேண்டியது ஜொகானஸ்பர்க்கின் விட்ஸ் 2003-இல் தொடங்கிய திட்டத்தைத்தான். 'ஜெம்ப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்கள் நேரே மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு சேர்ந்து, நான்கு ஆண்டுகளில் முடிக்கிறார்கள். உங்கள் வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், மருந்தாளராகவும் பொறியாளராகவும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். படிப்பு பார்க்டவுனில் நடக்கும். மருத்துவமனைப் பயிற்சி சார்லட் மக்செகே, ஹெலன் ஜோசப், சொவெட்டோவில் உள்ள கிறிஸ் ஹானி பரக்வானத் போன்ற இடங்களில். லெனேசியாவில் இருப்பவர்களுக்குப் பரக்வானத் பக்கம்தான்.

மற்ற இடங்களில் பட்டதாரியும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். குவாசூலு-நட்டாலில் படிப்பு ஆறு ஆண்டு. அங்கே பட்டம் பெற்ற விண்ணப்பதாரர்களைப் பள்ளி முடித்தவர்களோடு கலக்காமல் தனிப் பிரிவாகப் பார்க்கிறார்கள். டர்பனில் வீடும் குடும்பமும் இருப்பவர்களுக்கு, நான்கு ஆண்டு ஜொகானஸ்பர்க்கில் தனியே இருப்பதா, ஆறு ஆண்டு வீட்டிலிருந்தே போய்வருவதா என்பது உண்மையிலேயே கடினமான முடிவு. நான் நான்கைத் தேர்ந்தெடுத்தேன். சின்னக் குழந்தைகள் இருந்திருந்தால் ஆறைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

நான் படித்தது பி.காம். அறிவியல் படிக்காத என்னைச் சேர்ப்பார்களா?

எந்தத் துறைப் பட்டமாக இருந்தாலும் ஜெம்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றையும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு அளவில் படித்துத் தேறியிருக்க வேண்டும். நமக்கு அடி விழுகிற இடம் இதுதான். ஒரு பி.காம். பட்டதாரி ஜனவரியில் ஆசைப்பட்டு ஜூனில் விண்ணப்பிக்க முடியாது. அந்த மூன்று பாடங்களை முடிக்கவே ஓராண்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டாண்டு ஆகும்.

பலர் யூனிசா வழியாகத் தொலைதூரக் கல்வியில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறார்கள். பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். எந்தப் பாடத்தை, எந்தக் குறியீட்டு எண்ணோடு படிக்கப்போகிறீர்கள் என்று எழுதி, அது ஏற்கப்படுமா என மருத்துவப் புலச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். செய்முறைப் பயிற்சி கட்டாயமா, பழைய மதிப்பெண் எத்தனை ஆண்டு வரை செல்லும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் யாரோ "சரிதான், படிங்க" என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுக்களை மேசையில்தான் வேதியியல் படித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் தனிம அட்டவணையை ஒட்டியிருந்தேன். மாமியார் அதன் ஓரத்தில்தான் மளிகைப் பட்டியலைச் செருகி வைப்பார். சில மாதங்களில் சோடியம் எங்கே, பொட்டாசியம் எங்கே என்று அவருக்கே பழகிவிட்டது. முதல் செமஸ்டரில் மோல் கணக்கு தலைக்குள் ஏறவே இல்லை. பக்கத்துத் தெருவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை காலைகளில் அவரிடம் போய் உட்கார்ந்துதான் பிடித்தேன். வெறும் தேர்ச்சி போதாது, நல்ல மதிப்பெண் வேண்டும். உங்களோடு போட்டியிடுகிறவர்களில் நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

மாட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணையும் பார்ப்பார்களா? நான் 2004-இல் எழுதியது.

முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தால் மாட்ரிக்கும் பார்க்கப்படும். இப்போதுள்ள தேசியச் சான்றிதழ் முறை 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதியவர்களின் சான்றிதழில் உயர்தரம், சாதாரணத் தரம் என்று இருக்கும். அதைப் புதிய புள்ளிக் கணக்குக்கு மாற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி அட்டவணை வைத்திருக்கிறது. சான்றிதழ் தொலைந்திருந்தால் மறுபடி வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள்.

எப்போது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? தேர்வு உண்டா?

அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு இந்த ஆண்டு ஜூன் 30 என்று நினைவில் வையுங்கள். மற்றப் படிப்புகளுக்குச் செப்டம்பர் வரை நேரம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். விட்ஸ் மருத்துவப் புலத்துக்கும் குவாசூலு-நட்டால் மருத்துவத்துக்கும் ஜூன் இறுதியோடு கதவு மூடிவிடுவதுதான் வழக்கம். மாற்றம் இருந்தால் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரும். விட்ஸுக்கு நேரே விண்ணப்பிக்க வேண்டும். குவாசூலு-நட்டாலுக்கு டர்பனில் உள்ள மத்திய விண்ணப்ப அலுவலகம், அதாவது நாம் சி.ஏ.ஓ. என்று சொல்வது, அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதில் வரிசைப்படி விருப்பங்களை எழுதும்போது மருத்துவத்தை முதலில் போடுங்கள்.

ஜெம்புக்கு விட்ஸ் தனியே ஒரு சேர்க்கைத் தேர்வு வைக்கிறது. பட்ட மதிப்பெண்ணோடு அதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாம் ஆண்டில் சேர விட்ஸ், கேப் டவுன் போன்ற இடங்கள் தேசியத் திறனறித் தேர்வைக் கேட்கின்றன. அதில் மொழியும் எண்ணறிவும் ஒரு தாள், கணிதம் ஒரு தாள். பத்தாண்டாகக் கணிதத்தைத் தொடாதவர்கள் மூன்று மாதமாவது பயிற்சி எடுக்க வேண்டும்.

நாம் இந்தியர்கள். இட ஒதுக்கீட்டில் நமக்கு வாய்ப்பே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. ஆனால் இடம் குறைவு என்பது உண்மை.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவ இடங்களில் கறுப்பினத்தவருக்கு 69 சதவீதம், இந்தியர்களுக்கு 19, கலப்பினத்தவருக்கு 9, வெள்ளையருக்கு 2, மற்றவர்களுக்கு 1 என்ற பங்கீடு பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் பேசப்பட்டுவந்த ஒன்று. அந்த 19-க்குள் நம் பிள்ளைகள் பெரும் மதிப்பெண்ணோடு மோதிக்கொள்கிறார்கள். விட்ஸ் 2014-இல் முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கு வேறொரு முறையை அறிவித்தது. 40 சதவீதம் முழுக்க மதிப்பெண்படி, 20 கிராமப்புற மாணவருக்கு, 20 மிக ஏழைப் பள்ளிகளுக்கு, 20 சிறந்த கறுப்பின, கலப்பின மாணவருக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பலர் மனம் கசந்து கேட்கிறார்கள். அவர்களிடம் நான் ஒரு பழைய கதையைச் சொல்வது வழக்கம். டர்பனில் 1906-இல் பிறந்த டாக்டர் குணம், 1910-இல் பிறந்த டாக்டர் மாண்டி நாயக்கர், இருவருமே மருத்துவம் படிக்க எடின்பரோவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. இங்கே அவர்களுக்கு இடம் இல்லை. 1951-இல் டர்பனில் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் படிக்கவென்று மருத்துவப் பள்ளி திறந்த பிறகுதான் நம்மவர்கள் வீட்டிலிருந்தே போய் டாக்டர் ஆனார்கள். வென்ட்வொர்த்தில் இருந்த அதன் விடுதியில்தான் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோ தங்கிப் படித்தார். 1995-இல் ஓர் இந்தியக் குடும்பம், நல்ல மதிப்பெண் இருந்தும் மகளுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டது. நிறவெறிக் காலத்தில் இந்தியரும் பாதிக்கப்பட்டார்கள், ஆனால் ஆப்பிரிக்கர் பட்ட பாதிப்பு அதைவிட மிகப் பெரியது என்று சொல்லி நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். என் வார்டில் படுத்திருக்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள் நான். கசப்போடு விண்ணப்பம் எழுதாதீர்கள், அது எழுத்தில் தெரியும். ஓர் இடத்தோடு நிறுத்தாமல் நான்கைந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புங்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையான பெரிய செலவு நீங்கள் இழக்கப்போகும் சம்பளம். அதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். எனும் மாணவர் நிதியுதவி, ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாத குடும்பங்களுக்கு, அதுவும் முதல் பட்டத்துக்குத்தான். இரண்டாவது பட்டத்துக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். மாகாணச் சுகாதாரத் துறைகளின் உதவித்தொகை வாங்கினால், எத்தனை ஆண்டு பணம் பெற்றீர்களோ அத்தனை ஆண்டு அவர்கள் அனுப்பும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னுரிமை இளையவர்களுக்கும் கிராமப்புறத்தவருக்கும் போகிறது. கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி வேலையை விடாதீர்கள். வங்கிக் கல்விக் கடனுக்கு வருமானம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். படிக்கும்போதே மாதா மாதம் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

வேலையை விட்டதும் ஓய்வூதிய நிதியை மொத்தமாக எடுத்துப் படிக்கலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் அந்த விதி மாறிவிட்டது. அன்றிலிருந்து கட்டும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு வரை பூட்டப்பட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கைத்தான் வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், அதற்கும் வருமான வரி உண்டு. பழைய சேமிப்புக்கு வேறு விதி. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் நிதி நிர்வாகியிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். நிறுவனம் கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டுப் பங்கும் அன்றோடு நின்றுபோகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா அம்மா கரும்புத் தோட்டத்திலும் துணி ஆலையிலும் உழைத்துக் கடன் தீர்த்த வீட்டை இதற்காக அடமானம் வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு கூடுதலாக வேலை பார்த்துச் சேர்த்துவிட்டு வாருங்கள். மருத்துவப் பள்ளி எங்கும் போய்விடாது.

இந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கத்து அரசு மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேருங்கள். சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே.கான் இருக்கிறது. விடியற்காலை வெளிநோயாளர் வரிசையைப் போய்ப் பாருங்கள். போர்வை சுற்றிய முதியவர்கள், கையில் நீரிழிவு அட்டை, மடியில் ரொட்டிப் பொட்டலம். அங்கே சில மாதம் சக்கர நாற்காலி தள்ளினால், எந்தப் புத்தகமும் சொல்லாதது தெரியவரும்.

பயிற்சி மருத்துவர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள் என்றால், ஒரு நிமிடத்தைச் சொல்கிறேன். இரவு மூன்று மணி, குழந்தைகள் வார்டு. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன எட்டு மாதக் குழந்தை. கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை. செவிலியர் ஒருவர் விளக்கைத் தலைப்பக்கம் திருப்பிப் பிடித்து, நெற்றியோரத்தில் நூல் மாதிரி ஓடும் ஒரு நரம்பைக் காட்டினார். ஊசி உள்ளே போய்ச் சிறு ரத்தத் துளி குழாயில் ஏறியபோது, அந்தத் தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு ஐந்து நிமிடம் கழித்து அடுத்த படுக்கையில் வலிப்பு. இப்படி ஒரே மூச்சில் 24 மணி நேரம், பணியை ஒப்படைக்க இன்னும் இரண்டு மணி நேரம். நாற்பது வயதில் அந்தக் களைப்பு உடம்பில் இரண்டு நாள் தங்கும். இதைத் தெரிந்தும் மனம் அங்கேயே போகிறது என்றால் விண்ணப்பியுங்கள்.

சூலு மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

குவாசூலு-நட்டாலில் முடியாது, முடியவும் கூடாது. அந்தப் பல்கலைக்கழகம் 2014 முதல் சூலு தெரியாத இளநிலை மாணவர்கள் எல்லோருக்கும் அதைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. நோயாளியிடம் "குபுஹ்லுங்கு குபி?" என்று எங்கே வலிக்கிறது எனக் கேட்கவாவது இப்போதே பழகுங்கள். கடையிலும் டாக்ஸியிலும் பேசிப் பழகிய நம்மவர்களுக்கு இது பெரிய கஷ்டம் இல்லை.

நான் சென்னையில் பி.இ. முடித்து, ஜொகானஸ்பர்க்கில் வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கு இடம் கிடைக்குமா?

மிகக் கடினம். மருத்துவ இடங்களில் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான் முன்னுரிமை. படித்து முடித்தபின் அரசு ஒதுக்கும் பயிற்சிப் பணியிடங்களிலும் அதே வரிசைதான். நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்த பிறகு முயல்வது நல்லது. உங்கள் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்திடம் மதிப்பீடு செய்து வாங்க வேண்டும், அதை இப்போதே தொடங்கலாம். இந்தியாவில் நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டதால் ஊருக்குத் திரும்பிப் படிக்கும் வழியும் உண்டு. ஆனால் அங்கே படித்துவிட்டு இங்கே வந்தால், அடுத்த கேள்விக்கான பதில் உங்களுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டில் நேரடியாக இடம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். போகலாமா?

முகவரின் வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க, எச்.பி.சி.எஸ்.ஏ. எனும் சுகாதாரத் தொழில் மன்றத்தின் தேர்வை எழுதித் தேற வேண்டும். அதற்குப் பிறகும் பயிற்சிப் பணியிடத்துக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டை விற்று அனுப்பிய பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அந்தத் தேர்வோடு போராடுவதை நம் சமூகத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லூரியில் படித்துத் திரும்பி, இங்கே பதிவு பெற்று வேலை பார்க்கிற மூன்று பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். முகவர் தயங்கினால் அதுவே பதில்.

டாக்டர்களுக்கே வேலை இல்லை என்று செய்தி வருகிறதே?

வருகிறது, உண்மைதான். நோயாளிகளுக்குக் குறைவில்லை, சம்பளம் கொடுக்க மாகாணங்களிடம் பணம் குறைவு. கட்டாயச் சமூக சேவை முடித்த பல மருத்துவர்கள் வேலையில்லாமல் போராட்டம் நடத்தினார்கள். 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி 1,200 மருத்துவர்களை எடுக்கப்போவதாக அறிவித்தார். நகரத்தை விட்டு வரமாட்டேன் என்பவர்களுக்குத்தான் இது பெரிய சிக்கல். முன்னாள் தொழிலில் கிடைத்த சேமிப்பு ஒழுக்கமும், நிர்வாக அனுபவமும் அந்த இடைவெளியில் கைகொடுக்கும்.

இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை முயலவா?

எதனால் மறுத்தார்கள் என்று தெரிந்தால் முயலுங்கள். மதிப்பெண் குறைவு என்றால் ஒரு சுகாதாரத் துறைப் படிப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து வரலாம். அதே தாள்களை அதே மதிப்பெண்ணோடு திரும்ப அனுப்புவதில் பயன் இல்லை.

மருத்துவ இணையர், அதாவது ஆங்கிலத்தில் 'கிளினிக்கல் அசோசியேட்' என்ற மூன்றாண்டுப் பட்டம் ஒன்று இருக்கிறது. அதன் படிப்பு நம் நாட்டில் 2008-இல் தொடங்கியது. வால்டர் சிசுலு, விட்ஸ், பிரிட்டோரியா ஆகிய பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதிப்பது, காயம் தைப்பது, மருந்து எழுதுவது எல்லாம் இவர்கள் செய்கிறார்கள். என் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உடைந்த எலும்புக்கு மாவுக்கட்டுப் போட ஆள் தேவையென்றால் நான் முதலில் கூப்பிடுவது எங்கள் மருத்துவ இணையரைத்தான். அவரும் முன்பு கடையில் கணக்காளராக இருந்தவர். அந்தப் படிப்புக்கும் ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுவதால், மருத்துவத்துக்கு அனுப்பும் அதே வாரத்தில் அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.